கை வைத்ததும் போர்டு செத்ததா? ஸ்டாட்டிக்கை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த போர்டு. கழற்றினோம், துடைத்தோம், திரும்ப மாட்டினோம், எழுந்திருக்கவே இல்லை. எரிந்த வாடை இல்லை, கருகிய தடம் இல்லை, யாரும் எதையும் கீழே போடவும் இல்லை. சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்த எல்லோருக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்கும். அப்போது நம் வாயில் முதலில் வருவது "ஏற்கெனவே வீக்கா இருந்திருக்கும்" என்பதுதான். பல நேரம் அது உண்மை இல்லை, நம் உடம்பில் சேர்ந்திருந்த ஸ்டாட்டிக்கால், அதாவது உரசலில் சேரும் நிலைமின்சாரத்தால், நம் கையில்தான் போயிருக்கிறது.

நான் ஓசூரில் லேப்டாப், மொபைல் போர்டு வேலை செய்கிறேன். அதற்கு முன்னால் சில வருஷம் ஒரு அசெம்பிளி லைனில் இருந்தேன். அங்கே காலையில் பட்டையை, அதாவது உடம்பின் ஸ்டாட்டிக்கை எர்த்தில் இறக்க மணிக்கட்டில் கட்டும் ஒயர் வைத்த பட்டையை, டெஸ்ட் செய்து பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே விடுவார்கள். வெளியே சர்வீஸ் கடைகளுக்கு வந்து பார்த்தால் அதே ரக போர்டை ரெக்ஸின் நாற்காலியில் உட்கார்ந்து, தெர்மாகோல் மேல் வைத்து நோண்டுகிறோம். அந்த வித்தியாசம் என்னை ரொம்ப நாள் உறுத்தியது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கணக்கை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டாட்டிக் அடித்தது நமக்குத் தெரிய வேண்டும் என்றால் உடம்பில் ஏறக்குறைய 3000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். தொழிற்சாலைகள் பின்பற்றும் ஆன்சி இ.எஸ்.டி எஸ்20.20, ஐ.இ.சி 61340-5-1 என்ற தரவிதிகள் இரண்டும், மனித உடம்பிலிருந்து வரும் 100 வோல்ட் அடியிலேயே கெடக்கூடிய பாகம் வரைக்கும் காப்பாற்ற எழுதப்பட்டவை. 100-க்கும் 3000-க்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள். அந்த இடத்தில் நமக்கு எதுவும் உறைக்காது, போர்டுக்கு மட்டும் உறைக்கும். "எனக்கு ஷாக்கே அடிக்கலையே" என்று யாராவது சொன்னால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

ஸ்டாட்டிக் பாய்வது இரண்டு பொருளுக்கு நடுவே இருக்கும் வோல்டேஜ் வித்தியாசத்தால். உங்கள் உடம்பு, பெஞ்ச் மேல் விரிக்கும் மேட், போர்டு, சால்டரிங் அயர்ன் முனை, இந்த நான்கும் ஒரே மட்டத்தில் இருந்தால் பாய ஒன்றும் இல்லை. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் நாம் தேடப்போவது ஒன்றுதான்: இந்த நான்கில் எது தனியாக நின்றது?

லேப்டாப் பாடியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது

இதைத்தான் முதலில் பிரித்துவிட வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் ஸ்டாட்டிக் இல்லாத ஒன்றை ஸ்டாட்டிக் என்று நினைத்துப் பட்டை வாங்கி ஏமாறுகிறார்கள். தொட்டவுடன் சுரீரென்று ஒரே ஒரு அடி, உடனே மறுபடி தொட்டால் ஒன்றும் இல்லை என்றால் அது ஸ்டாட்டிக். விரல் பின்பக்கத்தால் மெதுவாகத் தடவும்போது பாடி நரநரவென்று அதிர்வது போலத் தொடர்ந்து இருந்தால், சார்ஜரைக் கழற்றியதும் அது போய்விட்டால், அது சார்ஜரின் கசிவு. இரட்டை முள் அடாப்டர்களில் உள்ளே மெயின்ஸ் பக்கத்தையும் டி.சி பக்கத்தையும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் இணைக்கும். அது வழியாக மைக்ரோ ஆம்ப் கணக்கில் கரண்ட் கசியும். மல்டிமீட்டரை ஏ.சியில் போட்டு பாடிக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தால் 100 வோல்ட்டை ஒட்டிக்கூடக் காட்டும், பார்க்கப் பயமாக இருக்கும். ஆளுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் சார்ஜர் மாட்டிய நிலையில் எர்த் செய்த சால்டரிங் முனையை அந்த போர்டில் வைத்தால் அந்த வித்தியாசம் முழுக்க ஐ.சி வழியாக இறங்கும். அதனால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கனெக்டரையும் கழற்றிய பிறகே போர்டில் கை வைக்க வேண்டும்.

மூன்று முள் அடாப்டராக இருந்தும் நரநரக்கிறது என்றால் பெரும்பாலும் உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். பழைய கட்டடங்களில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரில் பேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலுக்கும் 230 வோல்ட் காட்டினால், பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மோசமான எர்த்கூட மல்டிமீட்டரில் சரியாக இருப்பதுபோலக் காட்டும், ஆகவே கடைசித் தீர்ப்பு எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனுடையது. உப்பும் கரியும் போட்டு இறக்கிய எர்த் குழியாக இருந்தால் கோடையில் காய்ந்துவிடும், அதில் தண்ணீர் ஊற்றுங்கள். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் உங்கள் கையில் கட்டிய பட்டையும் பெஞ்சும் லேப்டாப் பாடியும் எல்லாமே பேஸ் ஆகிவிடும்.

பட்டை கட்டியிருக்கிறேன், இருந்தும் போர்டு போகிறது

பட்டை என்பது தாயத்து மாதிரி கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். கையிலிருந்து எர்த் வரை வழி முழுசாக இருக்கிறதா என்று அளந்தால்தான் அது பட்டை.

முதலில் பட்டையின் உலோகத் தகடு தோலைத் தொடுகிறதா என்று பாருங்கள். சட்டைக் கையின் மேல் கட்டியிருந்தாலோ, கடிகாரம் மாதிரி தொளதொளவென்று தொங்கினாலோ அது இருந்தும் இல்லாததுதான். அடுத்தது ஒயர். எர்த்தில் மாட்டும் முனையைக் கழற்றிக் கையில் எடுத்து, மல்டிமீட்டரில் தகட்டிலிருந்து அந்த முனை வரை அளந்தால் 1 மெகா ஓம், அதாவது 10 லட்சம் ஓமை ஒட்டி வர வேண்டும். அளக்கும்போதே ஒயரை இரண்டு முனையிலும் வளைத்து வளைத்துப் பாருங்கள், ஏனென்றால் இந்த ஒயர் எப்போதும் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ளேயே அறும், வெளி உறை மட்டும் நன்றாக இருக்கும், கை ஒரு பக்கம் இருக்கும்போது தொடர்பு இருக்கும், இன்னொரு பக்கம் திருப்பினால் போய்விடும். ஒரு வாரம் நல்லாயிருக்கும், ஒரு வாரம் போர்டாகப் போகும் என்ற புகாரில் நான் கண்டது பெரும்பாலும் இந்த அறுந்த ஒயர்தான்.

ஒயர் சரி என்றால் ஆளோடு சேர்த்து அளக்க வேண்டும். பட்டையைக் கட்டிக்கொண்டு, மீட்டரின் ஒரு ப்ரோபை மற்றக் கையின் விரல்களால் இறுக்கிப் பிடித்து, இன்னொன்றை ஒயர் முனையில் வையுங்கள். 1-லிருந்து 10 மெகா ஓமுக்குள் வந்தால் நல்லது. தரவிதியில் மேல்வரம்பு 35 மெகா ஓம். அதற்கு மேல் போனால் தோல் வறண்டிருக்கிறது, இல்லை தகட்டில் அழுக்கு ஏறியிருக்கிறது. மணிக்கட்டை ஈரத் துணியால் துடைத்து மறுபடி அளந்தால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். இந்த வேலைக்கென்றே விற்கும் கை லோஷன் இருக்கிறது. சாதாரண லோஷன் வேண்டாம், அதன் பசை போர்டிலும் மேட்டிலும் ஒட்டும்.

அப்புறம் கிளிப். எர்த்துக்கென்று பெயின்ட் அடித்த ஸ்டீல் ஸ்டாண்டில் குரோக்கடைல் கிளிப்பைக் கடித்து வைத்திருப்பார்கள். பெயின்ட் கரண்டைக் கடத்தாது. சுரண்டிவிட்டு வையுங்கள், இல்லை ஒரு போல்ட் போட்டு அதில் மாட்டுங்கள்.

ஒயரே இல்லாத பட்டை ஒன்று ஆன்லைனில் விற்கிறார்கள். அது வேலை செய்யாது. சார்ஜ் போய்ச்சேர ஒரு வழி வேண்டும், அதில் வழியே இல்லை.

அந்த 10 லட்சம் ஓம் எதற்கு என்று கேட்கும் தம்பிகள் உண்டு. தவறிப்போய் 230 வோல்ட்டில் கை பட்டால் பட்டை வழியாக ஓடும் கரண்ட் 0.23 மில்லி ஆம்புக்குள் அடங்கிவிடும், ஆள் பிழைப்பார். அதனால் பட்டை அறுந்தது என்று வெறும் ஒயரை மணிக்கட்டில் சுற்றி எர்த்தில் மாட்டாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸை (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டி) திறந்து கரண்ட் இருக்கும்போது வேலை பார்த்தாலோ, பழைய பிக்சர் டியூப் டி.வியில் கை வைத்தாலோ பட்டையைக் கழற்றிவிட வேண்டும். அங்கே எர்த்தோடு கட்டப்பட்ட உடம்பு ஆபத்து.

மேட் போட்டிருக்கிறேன், அது நல்ல மேட்தான்

நீல நிறத்தில், வளைத்தால் ரப்பர் போல வளையும், திருகாணி வைக்கக் குழி குழியாக இருக்கும், சூடான காற்றில் உருகாது என்று விற்கும் மேட்டா? அது சிலிக்கோன். சூட்டைத் தாங்கத்தான் அது நல்லது. சிலிக்கோன் ஒரு இன்சுலேட்டர், அதோடு தேய்த்தால் சார்ஜை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் சரக்கு. ஆன்டி ஸ்டாட்டிக் என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும் எர்த் ஒயர் மாட்ட அதில் பட்டன் இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் இருக்காது. உண்மையான மேட் இரண்டு அடுக்காக இருக்கும்: மேலே பச்சையோ நீலமோ, கீழே கருப்பு. மேல் அடுக்கு சார்ஜை மெதுவாக இறக்கும், கருப்பு அடுக்கு அதை எர்த்துக்குக் கொண்டுபோகும், ஒரு மூலையில் உலோகப் பட்டன் இருக்கும். சூட்டு வேலைக்கு சிலிக்கோன் வேண்டும் என்றால் சின்னத் துண்டாக ஹாட் ஏர் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல மேட்டும் கெடும். மேற்பரப்பிலிருந்து எர்த் வரை 100 கோடி ஓமுக்குள் இருக்க வேண்டும், இதை மல்டிமீட்டரால் அளக்க முடியாது, 100 வோல்ட் கொடுத்து அளக்கும் தனி மீட்டர் வேண்டும். அது இல்லாத கடைக்காரர் செய்யக்கூடியது சுத்தம். ஃப்ளக்ஸ் பிசுபிசுப்பு, டீ கொட்டிய தடம், பளபளப்புக்கு அடிக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே எல்லாம் மேட் மேல் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தோலாகப் படியும். மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர விடுங்கள்.

இன்னொரு தவறு, மேட்டுக்கு ஒரு எர்த், பட்டைக்கு வேறு எர்த், சால்டரிங் ஸ்டேஷனுக்கு மூன்றாவது பிளக் என்று கொடுப்பது. எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேர்த்து, அந்தப் புள்ளியை எர்த்தில் கொடுங்கள். ஸ்டாட்டிக் வேலைக்கு அந்த எர்த் ஒரு ஓமா ஐந்து ஓமா என்பது பெரிய விஷயமே இல்லை, பட்டைக்குள்ளேயே 10 லட்சம் ஓம் இருக்கிறதே. எல்லாம் சேர்ந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்பதுதான் விஷயம்.

ஒரே ஆள் கையில் மட்டும் போகிறது

இதில் ஆள் மேல் கோபப்படுவதற்கு முன்னால் அவர் உடையையும் நாற்காலியையும் பாருங்கள். என்னிடம் வேலை பழகிய ஒரு தம்பி மாட்டிய டிஸ்ப்ளேக்கள் தொடர்ந்து இரண்டு வாரம் திரும்பி வந்தன. கை பதமாகத்தான் இருந்தது, வேகமும் நிதானமும் இருந்தது. ஜனவரி மாதம், ஓசூர் குளிர், அவன் நைலான் ஜெர்கினைக் கழற்றவே மாட்டான். பட்டையை ஜெர்கின் கைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு உட்காருவான். ஜெர்கினைக் கழற்றி, அரைக்கைப் பருத்திச் சட்டையோடு, பட்டை தோலில் படக் கட்டி உட்காரவைத்த பிறகு திரும்பி வருவது நின்றது. அந்த இரண்டு வாரமும் நான் அவனைத் திட்டியது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

நைலான், பாலியஸ்டர் புடவை, சிந்தெடிக் துப்பட்டா, கம்பளி ஸ்வெட்டர் எல்லாம் இதே கதை. பட்டை உடம்பை மட்டுமே எர்த் செய்யும், உடையை எர்த் செய்யாது, உடையில் நிற்கும் சார்ஜ் போர்டுக்குப் பக்கத்தில் வந்தாலே போதும். துப்பட்டா நுனியோ முந்தானையோ போர்டு மேல் உரசாமல் செருகிக்கொள்ளுங்கள், நீள முடியைப் பின்னிக்கொள்ளுங்கள். நாற்காலி ரெக்ஸினோ ஃபோம் மெத்தையோ என்றால் அதிலிருந்து எழும் ஒவ்வொரு தடவையும் சார்ஜ் ஏறும். எழுந்து போய்ப் பாகம் எடுத்து வந்தால், உட்கார்ந்து பட்டையை மாட்டிய பிறகே போர்டைத் தொடுவது என்று பழகிக்கொள்ளுங்கள். குதிகாலில் மாட்டும் பட்டையை இரண்டு காலிலும் மாட்ட வேண்டும், அதன் நாடா சாக்ஸுக்குள் பாதத்தைத் தொட வேண்டும், தரையும் அதற்கேற்ற தரையாக இருக்க வேண்டும். சாதாரண டைல்ஸில் அதை மாட்டிப் பயனில்லை.

மதியத்தில், ஏ.சி போட்டால், குறிப்பிட்ட மாதத்தில் மட்டும் போகிறது

ஈரப்பதம்தான். 1980-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட ஒரு கையேட்டில் உள்ள எண்கள் இன்றும் எல்லாப் பயிற்சியிலும் காட்டப்படுகின்றன: கார்பெட்டில் நடந்தால் 10 முதல் 20 சதவீத ஈரப்பதத்தில் 35,000 வோல்ட், 65 முதல் 90 சதவீதத்தில் 1,500 வோல்ட். மேஜை மேல் கிடக்கும் சாதாரண பாலிதீன் கவரைத் தூக்கினால் வறட்சியில் 20,000, ஈரக்காற்றில் 1,200.

இதைப் பார்த்ததும் சென்னைக்காரர்கள் "எங்களுக்கு வியர்வை கொட்டுது, எங்களுக்கு எதுக்குப் பட்டை" என்பார்கள். இரண்டாவது எண்ணைப் பாருங்கள். வியர்வை கொட்டும் நாளில் ஒரு பாலிதீன் கவர் 1,200 வோல்ட் கொடுக்கிறது, நாம் காப்பாற்ற நினைக்கும் பாகம் 100 வோல்ட்டில் போகிறது. ஈரக்காற்றால் ஷாக் நமக்குத் தெரியாமல் போகிறதே தவிர, போர்டுக்கு வரும் ஆபத்து போகவில்லை. சொல்லப்போனால் கடலோர ஊர்களில்தான் இது அதிகம் ஏமாற்றும்.

ஓசூர் பக்கம் பிப்ரவரி, மார்ச் மதியங்களில் உதடு வெடிக்கும் அளவுக்குக் காற்று வறண்டுவிடும். ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கி பெஞ்ச் பக்கத்தில் மாட்டுங்கள், விலை சில நூறு ரூபாய்தான். 40-க்குக் கீழே போனால் ஒரு ஹியூமிடிஃபையர் வைக்கலாம், இல்லை அன்றைக்கு நுட்பமான வேலையைக் காலையில் முடித்துவிடலாம். 60-க்கு மேலே ஏற்றாதீர்கள், துருவும் பூஞ்சையும் வரும். ஈரப்பதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பட்டையைக் கழற்ற அது காரணம் ஆகாது.

டிஸ்ப்ளே மாட்டியதும் கோடு, தானாக டச் ஆகிறது

ஃபிளெக்ஸ் கனெக்டர், அழுத்தம், தரம் குறைந்த டிஸ்ப்ளே, இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகும் புரியவில்லை என்றால் நீங்கள் பாதுகாப்புத் தாளை எப்படி உரித்தீர்கள் என்று யோசியுங்கள். ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைச் சர்ரென்று பிய்ப்பதுதான் ஸ்டாட்டிக் உண்டாக்கச் சுலபமான வழி. இரண்டு பரப்பு பிரியும் வேகம் கூடக் கூட சார்ஜ் கூடும். ஓரத்திலிருந்து மெதுவாக, பட்டையோடு, டிஸ்ப்ளே மேட் மேல் இருக்கும்போது உரியுங்கள். கண்ணாடியும் தாளும் இன்சுலேட்டர் என்பதால் அதன் மேல் நிற்கும் சார்ஜைப் பட்டையோ மேட்டோ இழுக்காது. அதற்கு அயனைசர் ஒன்றுதான் வழி: பிளஸ், மைனஸ் இரண்டு அயனியையும் ஊதும் சின்ன ஃபேன். மாதம் பத்து டிஸ்ப்ளேவுக்கு மேல் போடும் கடை அதில் முதலீடு செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். வாங்கினால் உள்ளே இருக்கும் ஊசி முனைகளை ஒழுங்காகத் துடைக்க வேண்டும். அழுக்கேறினால் ஒரு பக்க அயனி மட்டும் கூடுதலாக வந்து அதுவே சார்ஜ் ஏற்ற ஆரம்பித்துவிடும்.

செல்லோ டேப்பும் சூடு தாங்கும் கேப்டான் டேப்பும் இதே கணக்குதான். டேப்பைப் போர்டுக்கு மேலே வைத்து இழுக்காதீர்கள். ஒரு அடி தள்ளிப்போய்க் கிழித்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

இங்கே நன்றாக ஓடியது, கூரியரில் போய்ச் சேர்ந்ததும் டெட்

எந்தக் கவரில் போட்டீர்கள்? பிங்க் நிறக் கவர் தானாகச் சார்ஜ் உண்டாக்காது, அவ்வளவுதான் அதன் வேலை. வெளியே இருந்து ஒருவர் கை வழியாக வரும் அடியை அது தடுக்காது. பழசானால் அந்தக் குணமும் தேய்ந்துபோகும். வெள்ளி மாதிரிக் கொஞ்சம் ஒளி ஊடுருவும் கவர்தான் ஷீல்டிங் கவர், அதன் நடுவில் உலோக அடுக்கு இருக்கிறது. போர்டு முழுக்க உள்ளே போய், வாய் மூடி ஒட்டியிருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஓட்டை விழுந்திருந்தால், பத்துத் தடவை கசங்கியிருந்தால் அது வெறும் கவர்.

வெள்ளிக் கவருக்குள் போர்டைச் சாதாரண பபிள் ரேப்பில் சுற்றி வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். சார்ஜ் உண்டாக்கும் சரக்கை உள்ளே போட்டு வெளியே பூட்டுப் போட்டது மாதிரி ஆகிவிடுகிறது. முதலில் போர்டு, அதன் மேல் ஷீல்டிங் கவர், அதற்கு வெளியே பபிள் ரேப், பிறகு அட்டைப்பெட்டி. தெர்மாகோல் உருண்டைகள் போர்டைத் தொடவே கூடாது.

கருப்பு ஃபோம், கருப்புக் கவர் கார்பன் கலந்தவை, கரண்டைக் கடத்தும். ஐ.சி கால்களைக் குத்திவைக்க அருமையானவை, ஆனால் பேட்டரி மாட்டிய போர்டை அதில் வைத்தால் பேட்டரி இறங்கும், பயாஸ் செட்டிங் போகும், வேறு சேதமும் வரலாம். வெள்ளிக் கவரின் மேல் மதர்போர்டை வைத்து கரண்ட் கொடுத்து டெஸ்ட் செய்வதும் வேண்டாம். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து டெஸ்ட் செய்யுங்கள்.

யூ.எஸ்.பி, எச்.டி.எம்.ஐ போர்ட் மட்டும் போய்விட்டது

கரண்ட் எல்லாம் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரை டயோடு மோடில் போட்டு, சிவப்பு ப்ரோபை கிரவுண்டில் வைத்து, கருப்பால் இரண்டு டேட்டா லைனையும் தொடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் சுழி (ஜீரோ) காட்டினால் பெரும்பாலும் போர்ட் பக்கத்தில் இருக்கும் குட்டிப் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கும். அடியைத் தான் வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் ஐ.சியைக் காப்பாற்றியிருக்கிறது. அதை எடுத்தால் போர்ட் உயிர்த்துவிடும். எடுத்ததோடு விடாமல் அதே ரகத்தைத் திரும்பப் போடுங்கள், கெப்பாசிட்டன்ஸ் அதிகமுள்ள வேறு டயோடு போட்டால் யூ.எஸ்.பி 3 வேகம் தடுமாறும். டயோடை எடுத்த பிறகும் சுழிதான் என்றால் அடி உள்ளே போய்விட்டது.

எச்.டி.எம்.ஐயில் ஒரு எச்சரிக்கை. டி.வி ஒரு பிளக், செட்டாப் பாக்ஸ் இன்னொரு பிளக், அதில் கேபிள் ஒயர் வெளியிலிருந்து வருகிறது, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைச் செருகுகிறோம். அங்கே போவது பல நேரம் முதல் அறிகுறியில் சொன்ன கசிவால்தான். கேபிள் எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஸ்விட்சைப் போடச் சொல்லி வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள்.

சால்டர் வைத்ததும், இல்லை சுத்தம் செய்ததும் போகிறது

இரட்டை முள் பிளக்கோடு வரும் மலிவு சால்டரிங் அயர்ன் முனையில் எர்த் கிடையாது, ஹீட்டரிலிருந்து கசியும் ஏ.சி முனையில் நிற்கும். மூன்று முள் ஸ்டேஷன் என்றால் பிளக்கைக் கழற்றி, அதன் எர்த் முள்ளிலிருந்து முனை வரை அளந்தால் சில ஓம்தான் வர வேண்டும். கூடுதலாக வந்தால் முனையும் அது உட்காரும் குழாயும் ஆக்சைடு ஏறியிருக்கும், கழற்றித் துடையுங்கள். மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் ரகம்தான் இதில் முதலில் சாகும். ஐ.ஆர்.எஃப்.இசட்44என் மாதிரி வாட்டசாட்டமான மாஸ்ஃபெட்கூட கேட் என்ற கட்டுப்படுத்தும் காலில் 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்றுதான் அதன் டேட்டாஷீட் சொல்கிறது. போர்டிலிருந்து எடுத்து கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே அளந்தால் ஓப்பனாக இருக்க வேண்டும். சில நூறு ஓம் காட்டினால் கேட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய இன்சுலேட்டர் அடுக்கு (கேட் ஆக்சைடு) ஓட்டையாகிவிட்டது.

நைலான் பிரஷ், வாக்கும் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கு, குளிர்விக்கும் ஸ்ப்ரே, தூசி நிறைந்த ப்ளோயர் காற்று, இவை நான்கும் போர்டு மேலேயே சார்ஜ் உண்டாக்குபவை. ஆன்டி ஸ்டாட்டிக் பிரஷ் என்று கருப்பு முடியோடு விற்பது விலை குறைவுதான், அதையே வாங்குங்கள்.

எல்லாம் சரி, எல்லாமே எர்த்தில் இருக்கிறது, புது ஐ.சி இன்னும் சாகிறது

இப்போது சார்ஜ் ஐ.சியிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் டியூபிலிருந்து சர்ரென்று சறுக்கி வரும்போதோ, சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் குலுங்கும்போதோ ஐ.சி தானே சார்ஜ் ஆகிவிடும். பிறகு அதை வெறும் ஸ்டீல் மேஜை மேல் வைத்தால் அதன் கால் உலோகத்தைத் தொட்ட நொடியில் மொத்தமும் ஒரு நானோ செகண்டு கணக்கில் காலியாகும். மெதுவாக இறங்கினால் தாங்கியிருக்கும், திடீரென்று இறங்குவதால் சாகிறது. எர்த் செய்த வெறும் உலோகத் தகட்டை பெஞ்ச் மேலே போடக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான். லைனில் எங்களுக்குப் புரியப் பல நாள் ஆன விஷயம் இது: ஆள், தரை, பட்டை எல்லாம் பாஸ், ஆனால் பாகம் வைக்கும் டிரேயை யாரும் பார்க்கவில்லை.

ஐ.சியை அது வந்த கவரோடு மேட் மேல் வைத்து, சில வினாடி விட்டு, ஓரத்தைப் பிடித்து எடுங்கள். பெஞ்சில் இருக்கும் டீ கப், பாலிதீன், போன் கவர், செல்லோ டேப் ரோல் எல்லாவற்றையும் போர்டிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளிவையுங்கள்.

ஓடியது, ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது

இதில்தான் எனக்கு ரொம்பக் கவலை. ஸ்டாட்டிக் அடித்த பாகம் எல்லாம் அங்கேயே சாவதில்லை, சில காயத்தோடு ஓடி, சூடேறும்போது, இல்லை சில வாரம் கழித்து விழும். வாடிக்கையாளர் நம்மை நம்பிக் கொடுத்த பொருள் அவர் கையில் போய் விழுகிறது. ஆனால் திரும்பி வந்த எல்லாவற்றையும் ஸ்டாட்டிக் தலையில் கட்டுவதும் தப்பு. ட்ரை சால்டர் (சரியாகப் பிடிக்காத ஈயம்), தண்ணீர் போன தடம், போலி பாகம், சார்ஜர் ஏற்ற இறக்கம் இவற்றை முதலில் தள்ளிவிட்டு வாருங்கள். நம் பெஞ்சில் தொட்ட அதே இடமே போயிருந்தால், அதுவும் ஒரே மாதிரி இரண்டு மூன்று முறை வந்தால், அன்றைக்கு யார் செய்தார், பட்டை எவ்வளவு காட்டியது, ஈரப்பதம் என்ன என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு எழுதி வைத்திருக்க வேண்டும். என் பெஞ்சில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது, தினம் காலையில் தேதி, பட்டையின் ஓம், ஹைக்ரோமீட்டர் எண், மூன்றே கட்டம்.

பட்டையும் இல்லை மேட்டும் இல்லை, வீட்டில் ஒரு ரேம் மாற்ற வேண்டும்

மாற்றலாம், பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சத்தை இறக்குங்கள். வெறுங்காலோடு தரையில் நின்று, பருத்தி உடையில், ரேமை அதன் கவருக்குள்ளேயே ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைப் பிடியுங்கள். அந்தப் பிடியை விடாமல் கவரையும் உலோகத்தில் தொடவைத்து, பிறகு ரேமை எடுங்கள். பிளக்கில் இல்லாத கேபினெட்டுக்கு எர்த் இல்லையே என்று கேட்கலாம். நீங்கள், கேபினெட், ரேம் மூன்றும் ஒன்றாகிவிட்டதால் உங்களுக்குள் பாய எதுவும் இல்லை. கேபினெட்டிலிருந்து கை எடுத்து நடந்துபோய்த் திரும்பி வந்தால் மறுபடி தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ரேமை ஓரத்தில் பிடியுங்கள், தங்க நிறக் கால்களில் விரல் படவேண்டாம். கழற்றிய பழைய ரேமைப் புது ரேம் வந்த கவரிலேயே போட்டு வையுங்கள், யாருக்காவது உதவும்.